கல்குடாவில் இழுபட்ட நங்கூரம்: ஒரு பாய்ப்படகின் இரண்டு இரவுகள்

பின்னணி

இங்கு பதிவு செய்யப்படும் நிகழ்வு ஓர் ஆவணி மாதக் கடைசியில், மட்டக்களப்பு மாவட்டத்தின் கல்குடாக் குடாவில் நடந்தது. படகு 12 மீற்றர் நீளமான ஒற்றைப் பாய்மரப் படகு. கடல் கடந்த நெடும்பயணத்துக்கெனக் கட்டப்பட்ட அதன் அடிப்பாகம் நீருக்குள் 1.9 மீற்றர் அமிழும். அதன் உரிமையாளர் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் பிறந்து, இளவயதில் புலம்பெயர்ந்து, பாய் கட்டவும் சுக்கான் பிடிக்கவும் குளிர்தேசத்தில் கற்றுக்கொண்டவர். தாம் பிறந்த ஊரைக் கடலிலிருந்து ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே இப்பயணத்துக்கு அவர் சொன்ன காரணம். அவருடன் அவருடைய மைத்துனரும், திருகோணமலையில் ஏறிக்கொண்ட நானுமாக மூவர் இருந்தோம். பல ஆண்டுகளாகச் சுழியோடிகளை ஏற்றிச் செல்லும் படகுகளில் வேலை செய்தவன் என்பதால், கரையோரம் தெரிந்த ஆளாக என்னை அழைத்திருந்தார்கள். அந்த நம்பிக்கைக்கு நான் முழுவதும் தகுதியாக இருக்கவில்லை என்பது கீழே தெரியவரும்.

திட்டம் எளிமையானது. வெளிநாட்டுக் கொடியுடைய படகாகையால், முகவர் மூலம் அனுமதி பெற்றுத் திருகோணமலையிலிருந்து தெற்கே புறப்படுவது. கல்குடாவில் இரண்டு இரவுகள் தங்குவது. அங்கிருந்து மட்டக்களப்பு நகரையும் உரிமையாளரின் ஊரையும் கடல்வழியே கடந்து, அம்பாறை மாவட்டத்தின் ஒலுவில் துறைமுகத்துக்குள் நுழைய முடியுமா என்று பார்ப்பது. திருகோணமலையிலிருந்து கல்குடாவுக்குச் சுமார் 45 கடல் மைல். விடியுமுன் புறப்பட்டால் பிற்பகலில் சேர்ந்துவிடலாம்.

காற்றும் கடலடியும்

கிழக்குக் கரையில் வாடைக்காற்று வீசும் மாதங்களில் திறந்த குடாக்களில் எந்தப் படகும் நிற்க முடியாது. அலை நேராகக் கரைக்கு வரும். தென்மேற்குப் பருவத்தில் நிலைமை தலைகீழாகிறது. அப்போது காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரக் கடல் குளம்போலக் கிடக்கும். சித்திரை முதல் புரட்டாசி வரை பாய்ப்படகுகள் இப்பக்கம் வருவது இதனால்தான். ஆனால் அந்த அமைதியை நம்பி வருகிறவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு: ஒரே நாளில் காற்று இரண்டு திசைகளிலிருந்து வீசும். பிற்பகலில் தரை சூடேறியதும் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். பொழுது சாய்ந்து அது ஓய்ந்த பின்னர், இரவில், மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பும். ஆவணி, புரட்டாசியில் உள்நாட்டு மலைப்பக்கம் மாலையில் கருமேகம் திரண்டால், அந்தக் கச்சான் இடியோடும் மழையோடும் ஒரு மணிநேரப் புயலாகவே வந்து போகும்.

பாசிக்குடாவை நாங்கள் தொடக்கத்திலேயே விலக்கினோம். நெடுந்தூரம் நடந்து போகக்கூடிய அளவுக்கு ஆழம் குறைந்த குடா அது. நீராடுவோர் நிறைந்திருப்பர். வெளிப்புறத்தில் முருகைக்கற்பாறை (பவளப்பாறை) இருக்கிறது. அதன்மேல் நங்கூரத்தை விழுத்துவது கடலுக்கும் கேடு, படகுக்கும் கேடு. முனைக்குத் தெற்கே விரியும் கல்குடாக் குடா அகன்றது. ஆழமும் போதும்.

முதல் நாள் பிற்பகல்

மாலை 3.40 அளவில் குடாவுக்குள் வந்தோம். கிழக்கிலிருந்து மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் இதமான காற்று. குடாவின் நடுவில், கரையில் வாடிகளும் இழுத்து வைத்த தோணிகளும் இருந்தன. மணலில் கயிறு சுருட்டிக் கிடந்தது. அது கரைவலைப்பாடு, அதாவது வலையைக் கடலில் வளைத்துக் கரைக்கு இழுக்கும் இடம், என்பதை உரிமையாளருக்குச் சொன்னேன். கரைவலைக்காரருக்கு அந்த நீர்ப்பரப்பின் மீது உரிமை உண்டு. அங்கு ஒரு படகு நின்றால் வலை வளைக்க முடியாது. அவர் அதை மதித்து, உடனே ஒத்துக்கொண்டார். ஆகவே வடக்கே, முனையை ஒட்டி, எவரும் வலை வைக்காத, ஒரு மிதவைகூட இல்லாத ஒதுக்குப்புறமான இடத்தைத் தெரிவு செய்தோம்.

அந்தத் தெரிவு நியாயமானதாகத் தோன்றியது. பிறர் தொழிலுக்கு இடைஞ்சல் இல்லை, முனை கொஞ்சம் மறைப்புத் தரும், ஆழமானியில் 5.1 மீற்றர் காட்டியது. ஊரே மீன்பிடிக்கும் ஒரு குடாவில் அந்த ஒரு மூலை மட்டும் ஏன் காலியாகக் கிடக்கிறது என்ற கேள்வியை எங்களில் எவரும் எழுப்பவில்லை. எழுப்பியிருக்க வேண்டியவன் நான்.

படகின் முதன்மை நங்கூரம் கலப்பை வடிவினது. எடை 20 கிலோகிராம். அதற்கு 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புச் சங்கிலி. 60 மீற்றர் என்று படகின் ஏட்டில் எழுதியிருந்தது. சங்கிலியில் முன்னர் பூசியிருந்த நிற அடையாளங்கள் தேய்ந்து, இரண்டொரு கண்ணிகளில் மட்டும் மங்கலான மஞ்சள் எஞ்சியிருந்தது. ஆகையால், சங்கிலியைச் சுற்றும் மின்பொறி ஓடும் நேரத்தை எண்ணி நீளத்தைக் கணிப்பது உரிமையாளரின் வழக்கம். அவ்வாறு எண்ணி 30 மீற்றர் இறக்கினார். காட்டிய ஆழத்துக்கு அது ஆறு மடங்கு. போதுமானது என்று எண்ணினோம். பின்னர் இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டினோம். படகின் அணியம் (முன்பக்கம்) கடலைப் பார்க்க, அமரம் (பின்பக்கம்) கரையைப் பார்க்க, சங்கிலி விறைத்து நின்றது. நங்கூரம் பிடித்தது என்று முடிவு செய்து, சங்கிலியின் உதறலைத் தாங்குவதற்காக ஒரு நைலோன் கயிற்றைக் கொளுவினோம். கொளுவிய கண்ணியில் அடையாளத்துக்காக நான் ஒரு நீலச் சீலைத் துண்டைக் கட்டி வைத்தேன்.

உரிமையாளர் தமது தொலைபேசியில் ஜீ.பி.எஸ் எச்சரிக்கையை இயக்கினார். 40 மீற்றர் ஆரமுள்ள வட்டத்தை விட்டுப் படகு வெளியேறினால் மணி ஒலிக்கும். இதில் கவனிக்க வேண்டியது, வட்டத்தின் நடுப்புள்ளி நங்கூரம் விழுந்த இடமாக இல்லாமல், சங்கிலி இறக்கி முடித்த பின்னர் தொலைபேசி இருந்த இடமாக அமைந்துவிட்டது என்பதாகும். நங்கூரம் கீழே தொடும் கணத்தில் பொத்தானை அழுத்தாமல், வேலைகளெல்லாம் முடிந்து ஆறுதலாக இருந்தபோது அழுத்தினார். அந்த வேளையில் இது ஒரு பெரிய விடயமாக எவருக்கும் படவில்லை.

இரவு

மாலையில் மேற்கே, தொப்பிகல மலைப் பக்கமாக, மின்னல் தெரிந்தது. உரிமையாளர் அதைக் கண்டார், நானும் கண்டேன். "தூரத்தில்" என்றேன். இரவு 11 மணிக்குச் சற்றுப் பின்னர் கடற்காற்று முற்றாக நின்று, நீர் எண்ணெய்போல ஆனது. பத்து நிமிடங்களில் மேற்கிலிருந்து சூடான, தூசி மணக்கும் ஒரு காற்று வந்தது. அதன் பின்னால் மழை.

11.20 மணிக்கு எச்சரிக்கை ஒலித்தது. காற்று மாறியதால் படகு நங்கூரத்தைச் சுற்றி மறுபக்கத்துக்குத் திரும்பியிருந்தது. வட்டம் படகை நடுவாக வைத்து வரையப்பட்டிருந்ததால், நங்கூரம் அசையாமலே இருந்தாலும் இந்தத் திரும்பலில் படகு வட்டத்துக்கு வெளியே போய்த்தான் ஆகும். உரிமையாளர் இதைச் சரியாகவே விளங்கிக்கொண்டார்: "இது சுழற்சி, இழுபடவில்லை." மணியை நிறுத்தி, ஆரத்தை 100 மீற்றருக்கு உயர்த்தினார். அவருடைய விளக்கம் அந்தக் கணத்துக்குச் சரி. ஆனால் அதன் விளைவாக, அடுத்த 40 மீற்றருக்கு மேல் படகு உண்மையில் இழுபட்டாலும் மணி ஒலிக்காது என்ற நிலை உண்டாயிற்று.

காற்றுமானி 34 கடல் மைல் காட்டியது. பிற்பகல் காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகம். படகின் மீதான அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால், நங்கூரத்தின் மீதான இழுவை எட்டு மடங்காகியிருந்தது. மேலும் அந்த இழுவை, நங்கூரத்தைப் பதித்த திசைக்கு நேர் எதிர்த் திசையில் விழுந்தது. மணலில் புதைந்த கலப்பை நங்கூரம் இப்படித் திருப்பி இழுக்கப்படும்போது பெரும்பாலும் கிளம்பி, புரண்டு, மறுபடி புதையும். நல்ல மணலானால் இரண்டொரு மீற்றரில் அது நடந்துவிடும்.

என்னை எழுப்பியது ஓசையன்று. மழை குறைந்த இடைவெளியில் முன்தளத்துக்குப் போய், வழக்கமாகச் செய்வதுபோலச் சங்கிலியின் மேல் வெறுங்காலை வைத்தேன். பிடித்திருக்கும் நங்கூரத்தின் சங்கிலி இறுகித் தளரும். அதில் ஓர் ஒழுங்கு இருக்கும். அன்று உள்ளங்காலில் பட்டது வேறு: தகரத்தின் மேல் தேங்காய் இழுபடுவதுபோன்ற கரகரப்பு, பின்னர் ஓர் உதறல், மீண்டும் கரகரப்பு. தலை நிமிர்ந்து கரையைப் பார்த்தேன். மாலையில், ஒரு விடுதியின் வெள்ளை விளக்கும் அதன் பின்னால் வீதி விளக்கு ஒன்றும் ஒரே நேர்கோட்டில் நின்றதைப் பார்த்து வைத்திருந்தேன். இப்போது இரண்டுக்கும் இடையில் ஒரு கைவிரல் அகலத்துக்கும் மேலான இடைவெளி இருந்தது. படகு திரும்பியதாலும் கொஞ்சம் விலகல் வரும். அதனால் ஐந்து நிமிடம் காத்துப் பார்த்தேன். இடைவெளி இரட்டித்தது. நேரம் 11.45.

எடுத்த முடிவுகள்

ஆழமானி அப்போது 9 மீற்றருக்கு மேல் காட்டியது. நாங்கள் கரையை விட்டு வெளியே, ஆழத்தை நோக்கி இழுபட்டுக் கொண்டிருந்தோம். இது உடனடியாகப் படகு உடையும் ஆபத்து அன்று. கரை காற்றுக்கு மேற்பக்கம் இருந்தது. ஆனால் முனையின் அடியிலிருந்து கற்பாறைகள் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. படகு போகும் வழி அவற்றின் ஓரமாக அமைந்திருந்தது. அத்துடன் ஆழம் கூடக்கூட, அதே நீளச் சங்கிலி இன்னும் செங்குத்தாக நிற்கும், நங்கூரம் இன்னும் இலேசாகக் கிளம்பும். இழுபடத் தொடங்கிய படகு தானாக நிற்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

முதலில் வந்த எண்ணம் இன்னும் சங்கிலி இறக்குவது. வழக்கமான நேரத்தில் அதுவே சரி. மேலும் பத்து மீற்றர் இறக்கினோம். கரகரப்பு நிற்கவில்லை. கீழே கல் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்லின் மேல் எத்தனை மீற்றர் கொடுத்தாலும் நங்கூரம் புதைய முடியாது.

அடுத்து மூவருக்கும் மூன்று எண்ணங்கள். உரிமையாளர், நங்கூரத்தைத் தூக்கிக் கரைக்குக் கிட்டப் போய் மறுபடி இறக்க விரும்பினார். அவருடைய மைத்துனர், வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே நுழைந்தால் என்ன என்றார். நான் கடலுக்குப் போவோம் என்றேன். வாழைச்சேனையை விலக்கிய காரணம் தெளிவு: ஆற்றுவாயினூடாக, முன்பின் போகாத வழியில், மழை இருட்டில், 1.9 மீற்றர் அமிழும் படகை நுழைப்பது நிற்கும் ஆபத்தைவிடப் பெரிய ஆபத்து. கரைக்குக் கிட்டப் போவதில் நியாயம் இருந்தது. கரையோரத்தில் அலையே இல்லை. ஆனால் எங்கே மணல், எங்கே கல் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் இரண்டாந்தரம் போட்டு அதுவும் பிடிக்காவிட்டால், மூன்று பேரும் களைத்த நிலையில் அதே இடத்துக்குத் திரும்பி வருவோம். காற்றோ தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. வெளியே போனால் நேரம் எங்கள் பக்கம். மைத்துனர் சில நொடி யோசித்துவிட்டு, "மச்சான், அவன் சொல்றதக் கேப்பம்" என்றார். அத்துடன் விவாதம் முடிந்தது.

தூக்குவது எளிதாக இருக்கவில்லை. இழுவை உள்ள சங்கிலியை மின்பொறி சுற்றாது. சுற்ற வைத்தால் பொறி எரியும். உரிமையாளர் இயந்திரத்தை மெதுவாக முன்னோக்கி ஓட்ட, நான் முன்தளத்தில் குந்தியிருந்து டோர்ச்சினால் சங்கிலி போகும் திசையைக் காட்ட, தளர்ந்த நேரம் பார்த்துச் சுற்றி, விறைத்ததும் நிறுத்தி, இப்படிக் கால் மணிநேரம் போயிற்று. மழையில் குரல் கேட்காததால் கைச்சைகைதான். அதை முன்கூட்டியே பேசி வைக்காததால், "நிறுத்து" என்று நான் உயர்த்திய கையை இரண்டு தடவை "வா" என்று விளங்கிக்கொண்டார்.

நங்கூரம் நீர்மட்டத்துக்கு வந்தபோது காரணம் கண்முன் தொங்கியது. அதன் கூர்முனையைச் சுற்றி ஒரு பழைய நைலோன் வலைத்துண்டு, பாசி பிடித்து, முழங்கை அளவு தடிப்பில் சுருண்டிருந்தது. அதற்குள் ஒரு தேங்காய் பருமனுள்ள செத்த முருகைக்கல் சிக்கியிருந்தது. அந்தக் கோலத்தில் அது நங்கூரமாக இருக்கவில்லை. கயிற்றில் கட்டிய ஒரு பொதி. அந்த இருட்டில் அதை வெட்டி அகற்ற முயலாமல், அப்படியே அணியத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கரையிலிருந்து நான்கு கடல் மைல் தூரத்துக்குப் போனோம்.

கடலில் வேறு கவலை. மீனவர் வலை விட்டுக் காத்திருக்கும் நேரம் அது. வலையின் முனையில் சிறிய மின்னும் விளக்கு இருக்கும். எல்லா வலையிலும் இருக்காது. மணிக்கு இரண்டு கடல் மைலுக்கு மேற்படாமல், ஒருவர் முன்தளத்தில் நின்று பார்த்தபடி, விடியும் வரை வடக்கும் தெற்குமாக உலாவினோம். ஒரு மணிக்குக் காற்று தணிந்து வானம் வெளித்தது.

காலையில் கண்டவை

விடிந்ததும் குடாவுக்குத் திரும்பி, இயந்திரத்தை ஓடவிட்டபடி நின்றுகொண்டு, நான் சிறுபடகில் கரைக்குப் போனேன். முதல் வலை இழுபட்டுக்கொண்டிருந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் மூத்த ஆள், வாடியின் வாசலில் இருந்தார். இரவில் நடந்ததைச் சொன்னேன். எங்கே நங்கூரம் போட்டோம் என்று கைகாட்டியதும் சிரித்தார்.

"அதில ஆரு மனே கொண்டுபோய்ப் போட்டது? மேலால ஒரு சாண் மண், கீழ முழுக்கக் கல்லு. எங்கட வலை எத்தின அதில கிழிஞ்சு கிடக்கு."

"நாங்க உங்கட பாட்டுக்க போடக்கூடாதெண்டுதான் மாமா அங்க போனது."

"பாட்டிலதான் மண் இரிக்கி. கல்லில வலை இழுக்கேலுமா?"

இந்த நிகழ்வில் நான் கற்ற ஒரே புதிய விடயம் இதுதான். மற்றவையெல்லாம் தெரிந்திருந்தும் செய்யாமல் விட்டவை. கரைவலை கடலடியைத் தடவிக்கொண்டு வருவது. கல்லில் மாட்டினால் வலையும் போய்விடும், மீனும் போய்விடும். ஆகவே தலைமுறை தலைமுறையாக இழுத்துவரும் பாடு என்பது, கல் இல்லை என்று நாள்தோறும் சோதித்துப் பார்க்கப்பட்ட கடலடி. நங்கூரத்துக்கு அதைவிட நல்ல இடம் அந்தக் குடாவில் இல்லை. அதை மரியாதையின் காரணமாக விலக்கிய நாங்கள், எவரும் வேண்டாமென்று விட்ட கல்லையும், அதில் மாட்டி அறுந்த வலைகளையும் தேடிப் போயிருந்தோம். விலக்கியது தவறன்று, கேட்காமல் விலக்கியதுதான் தவறு.

வலைத்துண்டை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கண்ணியின் அளவைப் பார்த்து, அது கரைவலையன்று, வெளியே விடும் வலை என்றார். மிதந்து வந்து கல்லில் தங்கியிருக்கும்.

அன்று பகலில் இரண்டு காரியங்கள் செய்தோம். ஒன்று, ஆழமானியைச் சோதித்தது. கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி அளந்தபோது, கருவி காட்டியதைவிடக் கடல் 1.9 மீற்றர் ஆழமாக இருந்தது. கருவி, நீர்மட்டத்திலிருந்து அன்றி, படகின் அடியிலிருந்து கீழே உள்ள நீரை மட்டும் காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. தரை தட்டுமா என்று பார்ப்பதற்கு அது வசதியான அமைப்பு. சங்கிலி கணக்கிடுவதற்கோ அது பொய் சொல்லும். முதல் நாள் 5.1 என்று படித்த இடத்தில் ஆழம் 7 மீற்றர். சங்கிலி வெளியேறும் இடம் நீர்மட்டத்துக்கு மேல் 1.2 மீற்றர். ஆக 8.2 மீற்றருக்கு 30 மீற்றர் என்றால் நான்கு மடங்குகூட இல்லை. ஐந்து மடங்காவது, காற்று எதிர்பார்க்கப்பட்டால் ஏழு மடங்கு, என்பதே நாங்கள் மூவரும் வாயால் ஒப்புக்கொள்ளும் விதி. இலங்கையைச் சுற்றி வற்றுப்பெருக்கு அரை மீற்றரைச் சுற்றியே இருப்பதால், அதைப் பழிசொல்லவும் வழியில்லை.

மற்றது, கடலடியைத் தொட்டுப் பார்த்தது. ஈயக்குண்டின் அடிக்குழியில் சவர்க்காரத்தைத் திணித்து இறக்கினால், மணலானால் மணல் ஒட்டிக்கொண்டு வரும். கல்லானால் சவர்க்காரம் வெறுமையாக, நசுங்கிய கீறலோடு வரும். பாட்டுக்குள் மூன்று இடங்களிலும் சீனிபோன்ற மணல் ஒட்டி வந்தது. முனையோரம், எங்கள் பழைய இடத்தில், முதல் தரம் சிறிது மணல். இரண்டடி தள்ளி இறக்கியபோது வெறும் கீறல். முதல் நாள் இதற்குப் பத்து நிமிடம் செலவாகியிருக்கும்.

இரண்டாம் இரவு

சம்மாட்டியோடு பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்: மாலையில் கடைசி வலை கரையேறிய பின்னர் பாட்டுக்குள் நங்கூரம் இறக்குவது, அதிகாலை 4 மணிக்கு முன்னர் தூக்கிக்கொண்டு வெளியேறுவது. பணம் எதுவும் கேட்கவில்லை. நங்கூரத்துக்கு மிதவை கட்டுவதை மட்டும் வேண்டாம் என்றார். இருட்டில் தோணி அதில் சிக்கும்.

கடற்காற்று ஓய்ந்த பின்னரே இறக்கினோம். இம்முறை படகைக் கரைக்கு முகமாக நிறுத்தி, இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டி, கடலை நோக்கி இழுத்துப் பதித்தோம். அதாவது, அப்போது வீசிய காற்றுக்கு அன்றி, இரவில் வரவிருக்கும் கச்சானுக்காகப் பதித்தோம். சங்கிலியை முதலிலேயே தளத்தில் விரித்து, என் இரு கைகளையும் நீட்டி 26 பாகம் அளந்தேன். ஏறத்தாழ 44 மீற்றர். நங்கூரம் அடியைத் தொட்ட கணத்தில் உரிமையாளர் அணியத்துக்கே வந்து தொலைபேசியின் பொத்தானை அழுத்தினார். நைலோன் கயிற்றின் நீளத்தை எட்டு மீற்றராகக் கூட்டினோம். கைச்சைகைகளை மூவரும் இருந்து பேசி முடிவு செய்தோம். இரவில் மூன்று மணிநேரத்துக்கு ஒருவர் விழித்திருப்பது என்றும் வைத்துக்கொண்டோம்.

கச்சான் அன்றும் வந்தது; 20 கடல் மைலுக்கு மேல் போகவில்லை. முதல் இரவின் காற்று வந்திருந்தால் இந்த ஏற்பாடும் தாங்கியிருக்குமா என்பதை இந்த இரவு நிரூபிக்கவில்லை. சங்கிலியில் கால் வைத்துப் பார்த்தேன்: இறுக்கம், தளர்வு, இறுக்கம். 3.50க்குத் தூக்கியபோது நங்கூரம் மணலைக் கலக்கிக்கொண்டு வந்தது. மழுங்கிய நுனி கழுவினாற்போல் பளபளத்தது.

ஒலுவிலைக் கைவிட்டது

தெற்கே போகும் திட்டத்தை அன்று காலையே கைவிட்டோம். ஒலுவில் கல்குடாவிலிருந்து 40 கடல் மைலுக்கு மேல். டென்மார்க்கின் கடனுதவியில் கட்டப்பட்டு 2013 இல் திறக்கப்பட்ட அத்துறைமுகத்தின் வாயில் மணல் சேர்ந்து அடைபடுவதும், அதன் வடக்கே கரை அரிக்கப்பட்டுத் தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் போவதும் இப்பகுதியார் எல்லோரும் அறிந்த துயரம். கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அலைத்தடுப்பு மறித்துவிட்டதன் இரண்டு விளைவுகள் அவை. கல்முனைப் பக்கத்துப் படகுக்காரர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டபோது, சிறிய இயந்திரப் படகுகளே அலையைப் பார்த்துத்தான் நுழைகின்றன என்றார். 1.9 மீற்றர் அமிழும் படகோடு, உள்ளே போக முடியாவிட்டால் திறந்த கரையில் இரவைக் கழிக்க வேண்டிவரும். மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரமும் கோடையில் மணல் திட்டு வளரும் வாய். அதையும் கணக்கில் எடுக்க முடியாது. ஆகத் திருகோணமலைக்குத் தெற்கே, எங்களைப் போன்ற ஆழமான படகு எந்தக் காற்றிலும் நம்பி ஒதுங்கக்கூடிய இடம் எங்கள் பயண எல்லைக்குள் இருக்கவில்லை என்பதுதான் நிலைமை. புறப்படுமுன் வரைபடத்தின் முன்னிருந்து இதை நாங்கள் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

உரிமையாளருக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கும் இடத்தின் மேல், மட்டக்களப்புக்கு வெளியே, சற்று நேரம் நிற்க வேண்டும் என்பது. அங்கே ஆழம் 50 மீற்றருக்கு மேல். எங்கள் சங்கிலி அடியைத் தொட்டால் அதுவே பெரிது. அதுவுமன்றி முந்நூறுக்கு மேற்பட்டோரின் கல்லறைமேல் இரும்பு எறிவதை நான் விரும்பவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

வடக்கே திரும்பி அன்று பிற்பகல் திருகோணமலையின் உள்துறைமுகத்தில் நின்றோம். தமது ஊரை உரிமையாளர் மறுநாள் வாடகை வானில் போய்ப் பார்த்து வந்தார்.

பின்னர் மாற்றியவை

திருகோணமலையில் இருந்த ஒரு வாரத்தில், ஆழமானி நீர்மட்டத்திலிருந்து காட்டும்படி மாற்றப்பட்டது. ஈயக்குண்டும் ஒரு கட்டிச் சவர்க்காரமும் முன்தளப் பெட்டிக்குள் நிரந்தரமாக இடம்பிடித்தன. இரண்டாவது நங்கூரம், தட்டையான மடல்களுடைய 12 கிலோகிராம் நங்கூரம், பொருட்களுக்கு அடியில் கிடந்ததை எடுத்து, கயிறு கட்டி, உடனே எறியக்கூடியவாறு அமரத்தில் வைக்கப்பட்டது. முதல் இரவில் அது கைக்கு எட்டியிருந்தால் எங்களுக்கு நான்காவது வழி ஒன்று இருந்திருக்கும். எச்சரிக்கை மணி ஒலித்தால் நிறுத்தலாம். ஆனால் கரை விளக்குகளை ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு தரம் பார்க்காமல் வட்டத்தைப் பெரிதாக்குவதில்லை என்று உரிமையாளர் தாமே படகின் ஏட்டில் எழுதிக் கையொப்பமிட்டார். நான் எனக்கு எழுதிக்கொண்டது வேறு: குடாவுக்குள் நுழைந்ததும், நங்கூரத்தை அவிழ்க்க முன்னர், கரைக்குப் போய்க் கேட்பது.

கடைசியாகச் சங்கிலியை முழுவதும் துறைமுகக் கரையில் இறக்கி, அளவு நாடாவால் அளந்து, பத்து மீற்றருக்கு ஒருமுறை சிவப்புச் சாயம் பூசினோம். ஏட்டில் 60 என்று இருந்த சங்கிலி 52 மீற்றர்தான் இருந்தது. முன்னைய உரிமையாளர் எப்போதோ துருப்பிடித்த முனையை வெட்டி எறிந்திருக்க வேண்டும். முதல் நாள் மாலையில் நான் கட்டிய நீலச் சீலைத் துண்டு, மழையில் வெளிறி, இன்னும் அந்தக் கண்ணியிலேயே இருந்தது. நாடாவை அதன்மேல் வைத்துப் பார்த்தோம். 30 மீற்றர் என்று நாங்கள் எண்ணி இறக்கியது 26.